ஜெரால்ட் ஹிக்கி: வியட்நாம் போரில் ஒரு மானிடவியலாளர்

ஜெரால்ட் கேனன் ஹிக்கி (1925–2010) அமெரிக்க மானிடவியலாளர். 1956 முதல் 1973 வரை, இடையிடையே சில காலம் தவிர, தெற்கு வியட்நாமில் வாழ்ந்து ஆய்வு செய்தவர். அதில் சுமார் பத்தாண்டுகள் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் இயங்கிய ரான்ட் நிறுவனத்துக்காகப் பணியாற்றினார். மீகாங் சமவெளிக் கிராமங்களையும் நடு உயர்நிலப் பழங்குடிகளையும் பற்றி அவர் எழுதிய நூல்களைத் தவிர்த்துவிட்டு அந்த நாட்டின் சமூக வரலாற்றை எழுதுவது கடினம். ஆனால் அவர் வாழ்நாளில் இரு இடங்களிலும் அவருக்கு முழு வரவேற்பு கிடைக்கவில்லை. இராணுவம் அவரிடம் அறிக்கைகளைக் கேட்டு வாங்கியது. தனக்கு ஒவ்வாதவற்றை அலமாரியில் வைத்தது. பல்கலைக்கழகமோ, இராணுவத்துக்கு அறிக்கை எழுதியவர் என்று அவரைத் தள்ளி வைத்தது.

மானிடவியலும் இராணுவமும்

மானிடவியலாளர் ஒரு மக்கள் கூட்டத்தோடு பல மாதங்கள் தங்குவார். அவர்களின் மொழியைக் கற்பார். யார் யாருக்கு உறவு, நிலம் யாருக்குச் சொந்தம், சண்டை வந்தால் யார் தீர்ப்பது, எந்தத் தெய்வத்துக்கு எப்போது பலி என்பதையெல்லாம் கேட்டு எழுதுவார். அயல்நாட்டுக்குள் படையோடு நுழையும் ஓர் அரசுக்குத் தேவைப்படும் தகவல்களும் ஏறத்தாழ இவைதாம். எனவே இந்தத் துறைக்கும் படைகளுக்கும் இடையே ஓர் ஈர்ப்பும், அதைவிடப் பெரிய சங்கடமும் தொடக்கம் முதலே இருந்துவந்தன.

முதல் உலகப் போரின்போது சில அமெரிக்க மானிடவியலாளர்கள் ஆராய்ச்சி என்ற பெயரில் மத்திய அமெரிக்காவில் உளவு பார்த்தனர். இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஃபிரான்ஸ் போவாஸ் 1919இல் இதைப் பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார். கண்டனத்துக்கு ஆளானதோ போவாஸ்தான்; அமெரிக்க மானிடவியல் சங்கம் அவர்மீது கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெறச் சங்கத்துக்கு 2005 வரை ஆயிற்று.

இரண்டாம் உலகப் போரில் நிலைமை மாறியது. ரூத் பெனடிக்ட் ஜப்பானுக்குப் போகாமலேயே, அமெரிக்காவில் இருந்த ஜப்பானியரிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் ஜப்பானியப் பண்பாட்டை அரசுக்கு விளக்கி எழுதினார். கிரகரி பேட்சன் அமெரிக்க உளவமைப்பின் சார்பில் இலங்கையிலிருந்து பணியாற்றினார். எதிரே ஹிட்லரும் ஜப்பானியப் பேரரசும் நின்றதால் அப்போது கேள்வி கேட்டவர்கள் குறைவு. அந்தக் கேள்விகள் முழு வேகத்தோடு எழுந்தது வியட்நாம் போரில்தான்.

சைகோனுக்கு வந்த இளைஞர்

சிகாகோவில் பிறந்த ஹிக்கி அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே மானிடவியல் பயின்று 1958இல் முனைவர் பட்டம் பெற்றார். பட்டம் பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆலோசனைக் குழுவில் ஒருவராகச் சைகோன் வந்துவிட்டார். பிரெஞ்சுக்காரர்கள் தோற்று வெளியேறி, நாடு வடக்கு தெற்கு எனப் பிரிந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. தெற்கில் ங்கோ டின் டியெம் ஆட்சி செய்தார். அவரது அரசுக்கு நிர்வாக ஆலோசனை தருவது அந்தக் குழுவின் வேலை.

ஹிக்கியின் முதல் பெரிய பணி நடு உயர்நிலத்தைப் பற்றியது. லாவோஸ், கம்போடிய எல்லைகளை ஒட்டிய இந்த மலைப்பகுதியில் ரடே, ஜராய், பானார், செடாங், கொஹோ எனப் பல இனங்கள் வாழ்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் இவர்களைப் பொதுவாக மலைவாசிகள் என்ற பொருளில் 'மொந்தாஞார்' என்றனர். சமவெளி வியட்நாமியர் வழங்கிய பழைய சொல்லுக்குக் காட்டுமிராண்டி என்று பொருள்.

டியெம் அரசு கடலோர வியட்நாமியரை ஆயிரக்கணக்கில் இந்த உயர்நிலத்தில் குடியமர்த்தத் தொடங்கியிருந்தது. மலைமக்கள் காட்டை வெட்டி எரித்து, சில ஆண்டுகள் பயிர் செய்து, மண் களைத்ததும் வேறிடம் மாறி, காடு வளர்ந்தபின் பழைய இடத்துக்கே திரும்புபவர்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தரிசாகக் கிடக்கும் நிலம் அவர்களுக்கு ஓய்வில் இருக்கும் நிலம். ரடே மக்களிடையே ஒவ்வொரு நிலப்பரப்புக்கும் 'பொ லான்' எனப்படும் காவலர் உண்டு. அந்த உரிமை தாய்வழிக் குலத்தில் பெண்கள் வழியாக இறங்கும். எல்லைகளை அறிந்து காப்பதும் நிலத்துக்குரிய சடங்குகளைச் செய்வதும் பொ லானின் கடமை. பத்திரம் இல்லை என்பதால் உரிமையும் இல்லை என்று சைகோன் கருதியது.

1957இல் தயாரான அறிக்கை இந்த நில உரிமைகளை அரசு மதிக்க வேண்டும் என்றது. மலைமக்களின் மனக்குறை வளர்ந்து வருவதையும் சுட்டியது. டியெம் அரசு அதைப் பொருட்படுத்தவில்லை. மறு ஆண்டே மலைமக்களின் தலைவர்கள் ஒன்றுகூடி 'பஜராகா' என்ற இயக்கத்தைத் தொடங்கினர். பானார், ஜராய், ரடே, கொஹோ ஆகிய நான்கு பெயர்களின் எழுத்துகளைச் சேர்த்து அமைந்த பெயர் அது. அதன் தலைவர் யி பாம் எனுவோல் சிறையிலடைக்கப்பட்டார்.

அடுத்ததாக ஹிக்கி சைகோனுக்குத் தென்மேற்கே லாங் ஆன் மாகாணத்தில் கான் ஹௌ என்ற நெல் விளையும் கிராமத்தில் களப்பணி செய்தார். கிராமக் காவல் தெய்வத்தின் மண்டபம், காவோ தாய் சமயத்தினர், குத்தகைக்காரர்கள், திருமணம், சாவு என எல்லாவற்றையும் பதிவு செய்தார். யேல் பல்கலைக்கழகம் 1964இல் வெளியிட்ட 'வியட்நாமில் ஒரு கிராமம்' என்ற நூல் அதிலிருந்து பிறந்தது. நூல் அச்சேறியபோது அந்தக் கிராமம் போருக்குள் சிக்கியிருந்தது.

வேலிக்குள் அடைத்த கிராமங்கள்

ரான்ட், கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் உள்ள ஆய்வு நிறுவனம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க விமானப்படையின் தேவைகளுக்காக உருவானது. கணிதமும் பொறியியலும் மிகுந்த அந்த நிறுவனத்துக்கு வியட்நாம் மொழி தெரிந்த ஆள் தேவைப்பட்டது. 1962இன் தொடக்கத்தில் ஹிக்கியும், ஜான் டானல் என்ற அரசியல் அறிஞரும் அனுப்பப்பட்டனர்.

அவர்கள் ஆராய வேண்டியது அப்போதுதான் தொடங்கியிருந்த வியூகக் கிராமத் திட்டம். சிதறிக் கிடக்கும் வீடுகளை ஒன்றுசேர்த்து, சுற்றிலும் அகழி வெட்டி, மூங்கில் முள்ளும் கம்பிவேலியும் அமைத்துவிட்டால் கெரில்லாக்களுக்குச் சோறும் செய்தியும் கிடைக்காமல் போகும் என்பது அதன் அடிப்படை. மலாயாவில் பிரித்தானியர் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகச் செய்தது இதுதான். அங்கே சீனக் குடியேறிகளோடு தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளும் வேலிக்குள் வந்ததை மலேசியத் தமிழ்க் குடும்பங்களின் மூத்தவர்கள் அறிவார்கள். அதிபரின் தம்பி ங்கோ டின் நூ வியட்நாம் திட்டத்தைத் தம் நேரடிப் பொறுப்பில் வேகமாக நடத்தினார். எத்தனை கிராமங்கள் முடிந்தன என்ற எண்ணிக்கை வாரந்தோறும் ஏறியது.

ஹிக்கியும் டானலும் எண்ணிக்கையைப் பார்க்காமல் விவசாயிகளிடம் பேசினர். அகழி வெட்டுவது கூலியில்லா வேலை. வீட்டைப் பிரித்து வேறிடத்தில் கட்ட வேண்டும். வயலுக்கு நடக்கும் தூரம் கூடியது. சொந்தப் பயிரைப் பார்க்க வேண்டிய நாள்கள் அகழியில் கழிந்தன. அன்றாடம் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளுக்கே பாரம் அதிகம். பாதுகாப்புக் கிடைக்கிறது, வாழ்க்கை மேம்படுகிறது என்று மக்கள் உணர்ந்தால் ஒழிய இத்திட்டம் அவர்களை அரசிடமிருந்து விலக்கிவிடும் என்று இருவரும் அந்த ஆண்டே எழுதினர்.

இந்த முடிவுகளைப் பெண்டகனில் விளக்கியபோது நடந்ததை ஹிக்கி பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். கடற்படைக் காலாட்படைத் தளபதி விக்டர் குருலாக் மேசையில் ஓங்கிக் குத்தி, திட்டம் வெற்றி பெறத் தேவையானதை விவசாயிகளைச் செய்ய வைப்போம் என்ற பொருளில் பேசினாராம். கேள்வியே தவறு என்று ஆய்வாளர்கள் சொல்ல வந்தார்கள். தளபதிக்கோ விடைத்தாளில் மதிப்பெண் மட்டும் தேவைப்பட்டது. 1963 நவம்பரில் டியெமும் நூவும் இராணுவப் புரட்சியில் கொல்லப்பட்டனர். அதன்பின் திட்டம் சரிந்தது. பல ஊர்களில் மக்களே வேலியைப் பிடுங்கிவிட்டுப் பழைய வீட்டுமனைக்குத் திரும்பினர்.

நாம் டோங் இரவு

1964இல் ஹிக்கி வேறொரு பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அமெரிக்க இராணுவ ஆலோசகர்களும் அவர்களுக்கு இணையாகப் பணிபுரிந்த வியட்நாமிய அதிகாரிகளும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பது அது. அதற்காக நாட்டின் பல முகாம்களுக்குச் சென்று நூற்றுக்கணக்கானவர்களிடம் பேசினார். அந்தச் சுற்றில்தான் லாவோஸ் எல்லைக்கு அருகிலுள்ள நாம் டோங் சிறப்புப் படை முகாமுக்கு வந்து சேர்ந்தார். சுற்றியுள்ள மலைகளில் கதூ இன மக்கள் வாழ்ந்தனர்.

ஜூலை 6 அதிகாலை, இரண்டரை மணியளவில், எறிகுண்டுகள் விழத் தொடங்கின. வியட்காங் படையினர் சுமார் 800 முதல் 900 பேர் முகாமைச் சூழ்ந்தனர். உள்ளே 12 அமெரிக்கச் சிறப்புப் படையினர், ஓர் ஆஸ்திரேலிய ஆலோசகர், சுமார் 60 நூங் வீரர்கள், சுமார் 300 வியட்நாமியர், இவர்களோடு ஒரு மானிடவியலாளர். சுமார் ஐந்து மணி நேரம் சண்டை நடந்தது. முகாம் தாக்குப்பிடித்தது. இரு அமெரிக்கர்களும் அந்த ஆஸ்திரேலியரும் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தலைமை தாங்கிய கேப்டன் ரோஜர் டான்லனுக்கு, வியட்நாம் போரில் முதன்முறையாக, அமெரிக்காவின் உயரிய வீரப் பதக்கம் வழங்கப்பட்டது. ஹிக்கி உயிர் பிழைத்தார். அன்று நடந்ததற்குப் பிறகும் அவர் ஊர் திரும்பிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்; இன்னும் ஒன்பது ஆண்டுகள் அந்த நாட்டில் இருந்தார்.

ஆலோசகர் பற்றிய அறிக்கை 1965இல் வந்தது. அதில் ஒரு கூறு மிக எளிமையானது. அமெரிக்க ஆலோசகர் ஓராண்டுக்குத்தான் வருகிறார். அதற்குள் ஏதாவது சாதித்துக் காட்ட அவசரப்படுகிறார். எதிரே இருக்கும் வியட்நாமிய அதிகாரியோ பல ஆண்டுகளாகப் போரில் இருப்பவர். இவருக்கு முன் வந்துபோன பலரின் இதே உற்சாகத்தைப் பார்த்தவர். ஆண்டுதோறும் ஆசிரியர் மாறும் வகுப்பறையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மொழி தெரிந்தவர்களை நீண்ட காலம் இருத்தலாம் என்பது போன்ற யோசனைகளால் ஓராண்டு முறை மாறவில்லை. போர் முடியும்வரை அதுவே நீடித்தது.

மலைமக்களின் தூதர்

1964 செப்டம்பரில் பான் மே தூட் நகரைச் சுற்றியிருந்த சிறப்புப் படை முகாம்களில் ரடே வீரர்கள் கிளர்ந்தெழுந்தனர். அமெரிக்கர்கள் பயிற்சியும் ஆயுதமும் தந்திருந்த அதே வீரர்கள்தாம். முகாம்களில் இருந்த வியட்நாமியர் பலரைக் கொன்றனர். வானொலி நிலையத்தைக் கைப்பற்றினர். ஒடுக்கப்பட்ட இனங்களின் விடுதலைக்கான ஐக்கிய முன்னணி என்ற 'ஃபுல்ரோ' அன்று உலகுக்குத் தெரியவந்தது. சிறையிலிருந்து விடுபட்டிருந்த யி பாம் எனுவோல் அதன் தலைவராகிக் கம்போடியக் காட்டுக்குள் சென்றார்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் எச்சரித்தவரை இப்போது அமெரிக்கத் தளபதிகள் தேடினர். மலைமக்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்டனர். நிலத்துக்குச் சட்டப்படியான உரிமை, தொடக்கப் பள்ளியில் தாய்மொழி, வழக்காற்று நீதிமன்றங்கள், தங்கள் மக்களிலிருந்தே நிர்வாகிகள் என அவர் வரிசைப்படுத்தினார். பிரிவினையைத் தவிர்க்கும் வழியாகவே இவற்றை முன்வைத்தார். சிலவற்றைச் சைகோன் ஏற்றது. வழக்காற்று நீதிமன்றங்கள் மீண்டும் வந்தன. மலைமொழிப் பாடநூல்கள் அச்சாயின. மலைமக்கள் விவகாரங்களுக்கென அமைந்த துறைக்கு அவர்களில் ஒருவரான பால் நூர் 1966இல் தலைமையேற்றார். ஹிக்கியின் பணி நேரடியாகப் பயன் தந்தது என்று சொல்லத்தக்க இடம் இது ஒன்றே.

மற்றப் பக்கத்தில் போர் அதன் போக்கில் சென்றது. எல்லையோரக் கிராமங்களைக் காலிசெய்துவிட்டால் அங்கே தாராளமாகக் குண்டு வீசலாம் என்பது தளபதிகளின் கணக்கு. 1967இல் ஆயிரக்கணக்கான ஜராய் மக்கள் பிளெய்க்கூ மாகாணத்தின் எடாப் எனாங் குடியிருப்புக்குக் கொண்டுவரப்பட்டனர். பலர் அங்கிருந்து தப்பித் தம் பழைய இடங்களுக்கே நடந்தனர். 1970க்குப் பின் இந்த இடப்பெயர்ப்பு மேலும் பெருகியது. மூதாதையர் கல்லறையும் நிலமும் இல்லாத இடத்தில் இவர்களால் வாழ முடியாது, இது மனிதக் கொடுமை என்பதோடு போருக்கும் உதவாது என்று ஹிக்கி மீண்டும் மீண்டும் மேலிடத்துக்கு எழுதினார். போருக்கும் உதவாது என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்ததைக் கவனிக்கலாம். கொடுமை என்று மட்டும் சொன்னால் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

1967இல் எழுதிய இன்னோர் ஆய்வில், பௌத்தர், கத்தோலிக்கர், காவோ தாய், ஹோவா ஹாவ், கெமர், சாம், சீனர், மலைமக்கள் எனப் பல குழுக்கள் ஒன்றையொன்று அனுசரித்துப் போவதே தெற்கு வியட்நாமுக்கு வழி என்றார். கம்யூனிஸ்டுகளையும் உள்ளடக்கிய கூட்டணி வரை அவரது சிந்தனை பின்னர் சென்றது. வெற்றியை எதிர்நோக்கியிருந்த தலைமைக்கு இது பிடிக்கும் பேச்சன்று.

மூடிய கதவு

அமெரிக்காவில் இக்காலத்தில் பல்கலைக்கழக வளாகங்கள் கொதித்துக்கொண்டிருந்தன. கிளர்ச்சிகள் எப்படி உருவாகின்றன என்பதை இராணுவச் செலவில் ஆராயத் திட்டமிட்ட 'கேமலாட்' திட்டம் 1965இல் அம்பலமாகிக் கைவிடப்பட்டது. தாய்லாந்தில் அமெரிக்க மானிடவியலாளர்கள் அரசுக்கு உதவியதாக 1970இல் வெளியான ஆவணங்கள் மானிடவியல் சங்கத்தை இரண்டாக்கின. மறு ஆண்டு சங்கம் வகுத்த நெறிமுறை, ஆய்வாளரின் முதல் கடமை தாம் ஆராயும் மக்களுக்கே என்றது.

இச்சூழலில் ஹிக்கி தாம் படித்த சிகாகோ மானிடவியல் துறையில் தங்கி உயர்நில வரலாற்றை எழுதி முடிக்க விரும்பினார். ரான்ட் தொடர்பைக் காரணம் காட்டித் துறை மறுத்தது. அந்தக் காயம் அவருக்கு ஆறவே இல்லை என்பது பிற்கால எழுத்தில் தெரிகிறது.

மறுத்தவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரு கிராமத்தில் யாருக்குச் செல்வாக்கு, யார் யாரோடு பேசுவதில்லை என்பது நூலில் இருக்கும்போது அறிவு. படையின் கோப்புக்குள் போனால் அதை வைத்து ஆளைப் பிடிக்கலாம். எழுதியவரின் நல்லெண்ணம் கோப்போடு போவதில்லை. நெதர்லாந்து மானிடவியலாளர் ஆஸ்கர் சலெமிங்க் பின்னாளில் இன்னும் ஆழமான கேள்வியை எழுப்பினார். மலைமக்களை ஒரு தனி இனத்தொகுதியாகப் பார்க்கும் பார்வையே பிரெஞ்சு, அமெரிக்கப் படைகளின் தேவையோடு சேர்ந்து வளர்ந்தது என்று அவர் காட்டினார்.

ஆயினும் இந்த வாதங்களின் பாதுகாப்பில் சிகாகோவில் அமர்ந்திருந்தவர்களில் எத்தனை பேருக்கு பொ லான் என்றால் யார் என்று தெரிந்திருக்கும்? போர்க்காலத்தில் சாலைகள் மூடிக் கிடந்தன. இராணுவ விமானங்களில் ஏறாமல் உயர்நிலக் கிராமங்களை யாரும் சென்றடைந்திருக்க முடியாது. வெளியே நின்றிருந்தால் ஹிக்கியின் கை சுத்தமாக இருந்திருக்கும். எழுத எதுவும் இருந்திருக்காது. உள்ளே இருந்ததால் அவருக்கு எல்லாம் தெரிந்தது. எதையும் தடுக்க முடியவில்லை.

போருக்குப் பின்

1973இல் வியட்நாமை விட்டு வந்த ஹிக்கி, அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் களைக்கொல்லி ஆய்வில் பங்கேற்றார். காடுகளின் இலைகளை உதிர்க்க விமானத்திலிருந்து தூவிய ஏஜென்ட் ஆரஞ்சு போன்ற வேதிப்பொருள்கள் குறித்த ஆய்வு அது. இடம்பெயர்ந்த மலைமக்களை நேர்கண்டு, இருமல், தோல் கொப்புளம், குழந்தைகளின் சாவு, பயிரும் விலங்குகளும் அழிந்தது என அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே பதிந்தார். அது 1974இல் வெளியானது. சொந்த அரசின் செயலால் மக்கள் பட்டதை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்த அந்த அறிக்கை, அவர் எழுதியவற்றில் அதிகம் பேசப்படாத ஒன்று.

1982இல் யேல் வெளியிட்ட இரு பெருநூல்கள், 'மலைகளின் மைந்தர்கள்', 'காட்டில் விடுதலை' ஆகியவை, உயர்நில மக்களின் வரலாற்றை 1976 வரை கொண்டுவருகின்றன. போர்க்காலத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் மலைமக்களில் சுமார் 2 லட்சம் பேர் மடிந்திருக்கலாம் என்றும், பெரும்பாலான கிராமங்கள் ஒரு முறையேனும் இடம்பெயர்ந்தன என்றும் ஹிக்கி மதிப்பிட்டார். 2002இல் அவரது நினைவுக்குறிப்பு வெளிவந்தது.

ஐந்தாண்டுகள் கழித்து, ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் படைப்பிரிவுகளோடு சமூக அறிவியலாளர்களை அனுப்பும் அமெரிக்கத் திட்டத்தை மானிடவியல் சங்கம் வெளிப்படையாக எதிர்த்தது. களத்துக்குச் சென்ற சமூக அறிவியலாளர்களில் மூவர் உயிரிழந்தனர். 2014இல் திட்டம் முடிவுக்கு வந்தது. அதில் மூத்த சமூக அறிவியலாளராக இருந்த மான்ட்கமரி மெக்ஃபேட், இராணுவத்தோடு பணியாற்றிய மானிடவியலாளர்கள் குறித்து 2018இல் எழுதிய நூலில் ஓர் அத்தியாயம் ஹிக்கிக்கு உரியது. ஹிக்கி அதைப் பார்க்கவில்லை. 2010இல் தம் 84ஆம் வயதில் காலமாகியிருந்தார்.

யி பாம் எனுவோல் 1975 ஏப்ரலில் நாம் பென் நகரம் வீழ்ந்தபோது அங்கே பிரெஞ்சுத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்திருந்தார். கெமர் ரூஜ் படையினர் அவரை வெளியே கொண்டுவந்து கொன்றனர். அந்தச் செய்தி காட்டுக்குள் எட்டவில்லை. 1992இல் கம்போடியாவில் ஐ.நா. அமைதிப்படையிடம் ஆயுதங்களை ஒப்படைத்த ஃபுல்ரோவின் கடைசிப் பிரிவினர், குடும்பத்தாருடன் சேர்த்துச் சுமார் 400 பேர், அதுவரை தங்கள் தலைவரின் கட்டளைக்காகக் காத்திருந்தனர். அவர்கள் பின்னர் அமெரிக்காவின் வட கரோலினாவில் குடியேறினர். அவர்களின் தலைவர்கள் யார், அந்தக் குடும்பங்கள் ஒன்றோடொன்று எப்படிக் கொண்டு கொடுத்து உறவாயின என்பதை விளக்கும் வம்சாவளிப் பட்டியல்கள் ஹிக்கியின் 1982ஆம் ஆண்டு நூல்களில் இருக்கின்றன.